கோடை விடுமுறைக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி? பிள்ளைகளுக்கும் நேரமில்லாத அம்மாவுக்கும் முழுமையான வழிகாட்டி

விடுமுறை தொடங்கும்போது ஆசையாக வாங்கி அடுக்கிய 10 புத்தகங்களில் 8, பள்ளி திறக்கும்போதும் முதுகு மடியாமல் அப்படியே நிற்கும். பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. அந்தப் புத்தகங்கள் மோசமானவை அல்ல. நல்ல புத்தகமா என்று பார்த்து எடுத்தார்கள், இந்தப் பிள்ளைக்கு, இந்த வீட்டின் நேரத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பொருத்தம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. முதல் நாள் மாலை ஒரு மணி நேரம், நூலகத்திலோ கடையிலோ இன்னொரு மணி நேரம், பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். அம்மாவின் புத்தகமும் இதே கணக்கில் சேர்த்தி. பிள்ளைகளுக்கு மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அம்மா கையில் போனோடு உட்கார்ந்தால் திட்டம் இரண்டாவது வாரத்தில் படுத்துவிடும்.

படி 1: பட்டியலுக்கு முன் நேரக் கணக்கு

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். விடுமுறை 8 வாரம் என்று வைத்துக்கொள்வோம். பயணம், விருந்தினர், உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் கழித்தால் வாரத்துக்கு 5 நாள்தான் உண்மையில் வாசிக்கக் கிடைக்கும். பிள்ளை ஒரு நாளைக்கு 20 நிமிடம் வாசித்தால் மொத்தம் 800 நிமிடம்.

அடுத்து வேகம். பிள்ளைக்கு வசதியான ஒரு புத்தகத்தைக் கொடுத்து 10 நிமிடம் வாசிக்கச் சொல்லி, எத்தனை பக்கம் தாண்டியது என்று பாருங்கள். 5 பக்கம் என்றால் பக்கத்துக்கு 2 நிமிடம். 800 நிமிடத்தில் 400 பக்கம் முடியும். அதாவது 64 பக்கப் புத்தகம் ஆறு. இந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். இருந்தாலும் ஆறு என்று தெரிந்து தொடங்கும் வீடு ஆறையும் முடிக்கும், இருபது என்று தொடங்கும் வீடு மூன்றோடு நிற்கும்.

அம்மாவுக்கும் இதே கணக்குத்தான். நாளைக்கு 15 நிமிடம், வாரம் 5 நாள், 8 வாரம் என்றால் 600 நிமிடம். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வைத்தால் 400 பக்கம். ஒரு நடுத்தர நாவலும் ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பும் அடங்கும். 900 பக்கச் சரித்திர நாவலை அடுத்த வருடத்துக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: வாசிப்பு நிலையை அளப்பது

அட்டையில் '8 வயது முதல்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. அது கதையின் வயதைச் சொல்கிறதா, மொழியின் வயதைச் சொல்கிறதா என்று தெரியாது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் வாசிப்பு நிலைக்கு இடையே இரண்டு மூன்று வருட வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

உலகம் முழுக்க ஆசிரியர்கள் பயன்படுத்தும் ஐந்து விரல் சோதனையே போதும். பிள்ளை முன்பு பார்க்காத புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறங்கள். ஏறக்குறைய 100 சொற்கள் இருக்கும் பகுதியாகப் பார்த்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஒரு விரல்கூட மடங்காவிட்டாலோ ஒன்றோடு நின்றாலோ சுலபம். இரண்டு மூன்று என்றால் சரியான நிலை. நான்கு என்றால் துணை வேண்டும். ஐந்து மடங்கினால் அது இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம்.

தமிழில் இந்தச் சோதனையை அப்படியே செய்தால் தப்பான விடை வரும். எதைத் தடுமாற்றமாக எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம்.

பக்கத்தில் 'பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம்' என்று ஒரு சொல் வருகிறது. பிள்ளை 'பார்த்து... கொண்டி...' என்று நின்று, விரலை வைத்து மறுபடி தொடக்கத்துக்குப் போய், இரண்டாவது முறை முழுதாகச் சொல்லிவிடுகிறது. இதற்கு விரல் மடக்காதீர்கள். சொல் நீளம், பொருள் பிள்ளைக்குத் தெரியும். நான்கு நாள் வாசித்தால் சரியாகிவிடும். அடுத்த வரியில் 'அவன் புறப்பட ஆயத்தமானான்' என்று இருக்கிறது. பிள்ளை தங்குதடையில்லாமல் வாசித்துவிட்டுப் போய்விடுகிறது. அவன் என்ன செய்தான் என்று கேட்டால் முழிக்கிறது. இதற்குத்தான் விரல் மடக்க வேண்டும். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தோதான மொழி. பொருள் ஏறாமலே சத்தமாகச் சரளமாக வாசித்துவிடலாம். அதனால் பக்கம் முடிந்ததும் 'இப்ப என்ன நடந்தது?' என்ற ஒரு கேள்வி கட்டாயம். ஒன்றுக்கு மேல் கேட்டால் பரீட்சை ஆகிவிடும்.

பிள்ளை களைத்திருக்கும் நேரத்தில் சோதிக்க வேண்டாம். தம்பி தங்கை முன்னால் வேண்டவே வேண்டாம். 11 வயதைத் தாண்டியவர்களுக்கு அம்மா முன் உரக்க வாசிப்பதே கூச்சம். முறையைச் சொல்லிக் கொடுத்து, தானே மனதுக்குள் வாசித்து விரலை எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல், பள்ளியில் வேறு மொழியில் படிக்கும் பிள்ளைகளுடையது. 10 வயதில் அந்த மொழியில் தடிமனான நாவலே வாசிப்பார்கள், தமிழில் இரண்டாம் வகுப்பு நிலையில் இருப்பார்கள். நிலைக்கு ஏற்ற தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் 'இது குட்டிப் பாப்பா கதை' என்று தள்ளிவிடுவார்கள், கோபப்படவும் செய்வார்கள். இவர்களுக்குக் காமிக்ஸ், விடுகதை, நகைச்சுவைத் துணுக்கு, படத்துக்குக் கீழே இரண்டே வரி இருக்கும் தகவல் நூல் பொருந்தும். வரி குறைவு, ஆனால் விஷயம் அவர்கள் வயதுக்கானது. கதை என்றால் உரையாடல் அதிகம் உள்ளதாக எடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பேச்சு வழக்கில் அச்சிட்ட 'போயிட்டேன்', 'வந்துடுறேன்' போன்றவை கண்ணுக்கு முதலில் விநோதமாகத் தெரியும். மனதுக்குள் வாசித்தால் தடுக்கும், வாய்விட்டு வாசித்தால் உடனே புரிந்துவிடும். முதல் பத்துப் பக்கத்தை உரக்க வாசிக்க வைத்தால் பழகிவிடும்.

8, 9 வயதிலும் எழுத்துகள் மாறி மாறித் தெரிவதாகச் சொன்னால், முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்தே வாசித்தால், புத்தகத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டால், புத்தகத் தேர்வு பிறகு. முதலில் கண் பரிசோதனை, தேவைப்பட்டால் கற்றல் குறைபாட்டு நிபுணர்.

படி 3: ஆர்வத்தைக் கண்டுபிடிப்பது

'உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?' என்று கேட்டால் 'தெரியல' என்றுதான் பதில் வரும். பிள்ளை மூன்று நாளாக எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது, எந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது, எதைத் தொட்டுப் பிரித்துப் போடுகிறது என்று கவனித்து மூன்று சொற்கள் எழுதிக்கொள்ளுங்கள். பூச்சி, கிரிக்கெட், பேய் என்று இருந்தாலும் சரி.

அந்த மூன்று சொற்களோடு நூலகத்துக்குப் போங்கள். டூயி தசம முறையில், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, அடுக்கியிருக்கும் நூலகத்தில் எண்ணைத் தெரிந்துகொண்டால் தேடும் நேரம் பாதியாகும். கோள்கள் 523, டைனோசர் 567.9, பூச்சிகள் 595.7, பறவைகள் 598, விமானம் 629.13, நாய் வளர்ப்பு 636.7, காமிக்ஸ் 741.5, புதிர்கள் 793.73, விளையாட்டு 796, நாட்டுப்புறக் கதைகள் 398.2. விடுகதைகள் பக்கத்திலேயே 398.6இல் இருக்கும். சிறுவர் பகுதியில் தசமப் புள்ளிக்குப் பின் உள்ள எண்ணை விட்டுவிடும் நூலகங்களும் உண்டு. முதல் மூன்று இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். கூச்சப்படாமல் நூலகரிடம் கேளுங்கள். இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நேரமில்லாத அம்மாவுக்காகவே எழுதியது போல இருக்கிறது.

அறிவியல் நூல் எடுத்தால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். சூரியக் குடும்பத்தில் 9 கோள் என்று இருந்தால் அது 2006க்கு முந்திய தகவல். அந்த ஆண்டில்தான் புளூட்டோ குறுங்கோளாக மாற்றி வகைப்படுத்தப்பட்டது. கதைப் புத்தகத்துக்கு வயது ஒரு பொருட்டே இல்லை.

படி 4: அடுக்கைக் கட்டுவது

முடிக்க நினைப்பது ஆறு என்றால், கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டியது பதினைந்து அல்லது பதினெட்டு. மூன்றில் ஒரு பங்கு முதல் பத்துப் பக்கத்தில் கைவிடப்படும், இன்னொரு பங்கு தொடவே படாது. அதனால் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். இரவல் எடுங்கள், பிற குடும்பங்களோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டோரிவீவர் போன்ற இணையதளத்தில் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்த படக்கதைகள், தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பத்துக்கு இப்படி ஒரு கலவை வைத்துக்கொள்ளலாம்: சுலபமானவை 4, சரியான நிலையில் 3, தகவல் நூலோ காமிக்ஸோ புதிரோ 2, கடினமானது ஒன்றே ஒன்று. சுலபமானது எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். வேகமும் தன்னம்பிக்கையும் சுலபமான புத்தகத்தில்தான் வருகின்றன. 'இது உனக்கு ரொம்பச் சின்னது' என்ற வாக்கியம் விடுமுறை முடியும்வரை வீட்டில் கேட்கக் கூடாது.

எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வேலி மட்டும் உங்களுடையது. நிலைக்கும் ஆர்வத்துக்கும் ஏற்ற 20 புத்தகத்தை மேஜையில் பரப்பி, பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் தொடர்ந்து 3 கோடை விடுமுறைகளில், ஒவ்வொரு கோடைக்கும் தாங்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் மேலே இருந்தார்கள் என்று 2010இல் முடிவு வெளியானது. அவர்கள் விரும்பி எடுத்தவற்றில் பாடகர்கள், நடிகர்களைப் பற்றிய புத்தகங்களும் இருந்தன. செவ்வியல் இலக்கியம் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை.

தொடர் நூல் என்றால் முதல் பாகம் மட்டும் வாங்குங்கள். பிள்ளை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டால் அன்றே ஏற்பாடு செய்யுங்கள். பத்துப் பாகத்தையும் மொத்தமாகக் கட்டி வாங்கினால் அது சுமையாகத் தெரியும். கேட்டபின் மூன்று வாரம் இழுத்தடித்தால் சூடு ஆறிவிடும்.

வயது வாரியாகச் சில குறிப்புகள்

6 முதல் 8 வயது வரை பெரிய எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படம், குறுகிய வரி வேண்டும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். ஒரே அமர்வில் முடியும், அந்த முடித்த திருப்தி இந்த வயதுக்கு முக்கியம். ஒரே புத்தகத்தைப் பதினைந்து முறை கேட்டால் தடுக்காதீர்கள்.

9 முதல் 11 வரைதான் வழுக்கும் இடம். படப் புத்தகத்தை விட்டு அத்தியாயப் புத்தகத்துக்கு மாறும்போது பலர் வாசிப்பையே விட்டுவிடுகிறார்கள். அத்தியாயம் 6 முதல் 8 பக்கத்துக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு படமாவது இருந்தால் நல்லது. எழுத்து நெருக்கமாக இருந்தால் மொழி சுலபமாக இருந்தாலும் மிரள்வார்கள். புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பக்கம் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பெரிய நாவல்களின் சுருக்கப் பதிப்புகளிலும் கவனம் வேண்டும். 600 பக்கத்தை 60 பக்கமாக்கும்போது முதலில் பறிபோவது உரையாடலும் சிரிப்பும்தான். மிஞ்சுவது வெறும் சம்பவக் கோவை.

12க்கு மேல் அம்மாவின் சிபாரிசு எடுபடாது. நண்பர் சொன்னால் எடுபடும். அதனால் இரண்டு மூன்று நண்பர்கள் ஒரே புத்தகத்தைச் சுற்றுக்கு விட ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர்களுக்கான புத்தகத்தைக் கேட்டால் அடுத்த படியில் சொல்லும் சோதனையைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

படி 5: பத்து நிமிட உள்ளடக்கச் சோதனை

எல்லாப் புத்தகத்தையும் முழுதாக வாசித்துப் பார்க்க நேரம் கிடையாது, தேவையும் இல்லை. முதல் இரண்டு பக்கம், நடுவில் ஒரு அத்தியாயம், கடைசிக்கு முந்திய அத்தியாயம். இந்த மூன்றும் போதும். வன்முறையும் பயமும் அநேகமாகக் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில்தான் உச்சத்துக்குப் போகும். பெற்றோர் இறப்பது, வளர்ப்புப் பிராணி சாவது, வகுப்பில் வதைபடுவது போன்றவை இருந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. சேர்ந்து வாசிக்கும் புத்தகமாக மாற்றிக்கொள்ளுங்கள். சமீபத்தில் அதே இழப்பைச் சந்தித்த பிள்ளை என்றால் மட்டும் தள்ளிவையுங்கள்.

படி 6: அம்மாவின் புத்தகம்

பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கும்போது காட்டும் நிதானத்தை அம்மாக்கள் தங்களுக்குக் காட்டுவதில்லை. 'எல்லாரும் பாராட்டினார்கள்' என்று ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்து, 40ஆம் பக்கத்தில் நின்று, தனக்கு வாசிக்கவே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு பெரும்பாலும் துண்டு நேரத்துக்கு முழுநேரப் புத்தகம் எடுத்ததில்தான் இருக்கும்.

உங்கள் நேரம் எப்படிப்பட்ட துண்டு என்று பாருங்கள். நாளில் இரண்டு முறை 7 நிமிடம் என்றால் சிறுகதை, கட்டுரை, கடிதம், நாட்குறிப்பு வகை. தொகுப்பின் பொருளடக்கத்தில் பக்க எண்களைக் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு கதையும் எத்தனை பக்கம் என்று தெரிந்துவிடும். 8 முதல் 12 பக்கக் கதை இரண்டு மூன்று துண்டில் முடியும். இரவில் தொடர்ந்து 20 நிமிடம் கிடைக்கும் என்றால் நாவல் சரிவரும், ஆனால் அத்தியாயம் சிறியதாக இருக்க வேண்டும். மூன்று தலைமுறை, இருபது பாத்திரம் என்று விரியும் நாவலில் நான்கு நாள் விட்டுப்போனால் யார் யாருக்கு மருமகள் என்பதே மறந்துவிடும். ஆசை விடாவிட்டால் புக்மார்க்குக்கு ஒரு வெள்ளை அட்டையை வைத்து, புதுப் பெயர் வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி எழுதுங்கள்.

கை ஓயாது, காது மட்டும் சும்மா இருக்கிறது என்றால் ஆடியோ புத்தகம். 300 பக்க நாவல் சுமார் 9 மணி நேரம் ஓடும். தினம் 30 நிமிடம் கேட்டால் 18 நாள். கதைக்கு முன் வாசிப்பவரின் குரலை 5 நிமிடம் கேட்டுப் பாருங்கள். குரல் பிடிக்காவிட்டால் எவ்வளவு நல்ல புத்தகமும் தாங்காது.

எப்போது கைவிடுவது? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு எளிது. 50 பக்கம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் மூடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். 60 வயது என்றால் 40 பக்கம் போதும். வயதானால் கிடைக்கிற அபூர்வமான சலுகைகளில் ஒன்று.

புத்தகத்தை எங்கே வைப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். வழக்கமாகப் போனை வைக்கும் இடத்தில் புத்தகத்தையும், புத்தகம் இருந்த அலமாரியில் போனையும் வைத்துப் பாருங்கள். மின்னூல் என்றால் அதன் செயலியைப் போன் திரையின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, வீடியோ செயலியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

படி 7: எல்லாருக்கும் சேர்த்து ஒரு புத்தகம்

7 வயதும் 11 வயதும் இருக்கும் வீட்டில் தனித்தனியாக வாசித்துக் காட்ட நேரமில்லை. ஒரே புத்தகத்தை இருவருக்கும் வாசியுங்கள், மூத்த பிள்ளைக்குப் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது அதிகம். இந்த இடைவெளி 13 வயது வாக்கில்தான் மூடுகிறது. ஐந்து விரல் மடங்கிய அந்தக் கடினமான புத்தகத்துக்கு இதுதான் இடம். சின்னது கேட்டுக்கொண்டே படம் வரையட்டும்.

15 நிமிடத்தில் 6 பக்கம் உரக்க வாசிக்கலாம். வாரம் 5 நாள் என்றால் 150 பக்கம் 5 வாரத்தில் முடியும். அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாதீர்கள், கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் பிள்ளைகளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இடையில் என்ன கெடும்

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அடுக்கைப் பாருங்கள். தொடாத இரண்டை எடுத்துவிட்டுப் புதிதாக இரண்டு வையுங்கள். முதுகைக் காட்டி அடுக்காமல் அட்டை தெரிய நிறுத்துங்கள்.

கதைச் சுருக்கம் எழுதச் சொல்வது, பக்கத்துக்குக் காசு, 'அக்கா இந்நேரம் நாலு முடிச்சுட்டா' என்ற ஒப்பீடு, இந்த மூன்றும் நல்ல தேர்வையும் கெடுத்துவிடும். காசு கொடுத்தால் பிள்ளை பக்கம் குறைவான புத்தகமாகப் பொறுக்கத் தொடங்கும், புத்திசாலித்தனமான முடிவுதான். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ, படுக்கும் நேரத்தில் கால் மணி கூடுதலாக விளக்கு எரியும் சலுகையையோ கொடுங்கள்.

இரண்டு புத்தகத்தைத் தொடர்ந்து பாதியில் விட்டால் ஆர்வத்தில் தவறு. நான்கைத் தொடர்ந்து முதல் பக்கத்திலேயே விட்டால் நிலையில் தவறு, விரல் சோதனைக்குத் திரும்புங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே காமிக்ஸை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, அதே வரிசையில் இன்னொன்று கொண்டுவாருங்கள்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் வேண்டுமென்றே ஒரு புதுப் புத்தகத்தைத் தொடங்க விடுங்கள். பள்ளி திறக்கும் நாளில் அது பாதியில் இருக்க வேண்டும். இரவல் தேதியை அதற்கு முன்பே நீட்டித்துக்கொண்டு, புக்மார்க்கோடு தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். 20 நிமிடம் பள்ளி நாள்களில் கிடைக்காது, 10 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.